சீதாலெட்சுமி கேட்ட கேள்வி

ஷாமினி பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உயிரியல் ஆராய்ச்சியாளர். எலியின் கருமுட்டையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள், பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினாள். குழந்தையில்லை என்று மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் நடக்கும். கூட வந்த கணவன் வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. நாளெல்லாம் சூட்டில் உட்கார்ந்து லோரி ஓட்டுகிறவர்களின் விந்தணுக்கள் என்ன ஆகின்றன என்பதுதான் இப்போது அவளுடைய ஆய்வு. மானியம் கிடைத்துவிட்டது. மாதிரி கொடுக்கத்தான் ஆளில்லை.

கிள்ளானை அடுத்த காப்பாரில் சமூக மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டாள். லோரிக்காரர்கள் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கமலநாதன் என்பவர் மட்டும் வாசலில் நின்றார்.

"நமக்கெல்லாம் ஒன்னும் கொறை இல்ல லா டாக்டர்," என்று சிரித்துவிட்டு அவரும் போனார்.

அவர் மனைவி சீதாலெட்சுமி போகவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ஸ்கேன், டியூப் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. பத்துமலைக்குப் பால்குடமும் எடுத்தேன். அவர மட்டும் யாரும் ஒன்னும் கேக்கல. அவருக்குத் தெரியாம பாக்க முடியுமா டாக்டர்?"

"முடியாதுக்கா. அவரே சம்மதிக்கணும்."

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"இல்லக்கா."

"உங்க வீட்டுக்காரர் டெஸ்ட் குடுத்தாரா?"

கேள்வியில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஷாமினி தன்னை மட்டும்தான் சோதித்துப் பார்த்திருந்தாள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்கு மேல் கணவன் குகனிடம் கேட்க வாய் வரவில்லை. "இதையே படிச்சவளுக்கு..." என்று மாமியார் இழுக்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள். ஊர் ஆண்களிடம் கேட்டதை வீட்டில் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் குகன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அவனும் டெஸ்ட் எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"நீ எப்பவாச்சும் கேப்பேன்னு நெனச்சேன். நீ கேக்கல, நானும் விட்டுட்டேன். பயம்தான்."

வேறொரு ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்தான். குறை அவனிடம்தான் இருந்தது. முடிவைப் படித்துவிட்டு ஷாமினியிடம் நீட்டினான்.

"அம்மா உன்ன அப்படிப் பேசினப்பல்லாம் நான் வாயே தெறக்கல," என்றான்.

பரவாயில்லை என்று ஷாமினி சொல்லவில்லை. தன் கையை அவன் தோளில் வைத்தாள், அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் அவன் தனியாகக் கிள்ளானுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான்.

காப்பாரில் அடுத்த கூட்டத்துக்கு அவனும் வந்தான். ஷாமினி பேசி முடித்ததும், அவள் எதிர்பாராமல் எழுந்தான்.

"நான் டாக்டரோட வீட்டுக்காரர். டெஸ்ட் எடுத்தேன். பிரச்சினை எனக்குத்தான். மொத ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் எப்பயும் போல வேலைக்குப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் கமலநாதன் தொண்டையைச் செருமினார். "எங்க போயி குடுக்கணும், பாஸ்?"

எல்லாரும் பெயர் கொடுக்கவில்லை. ஆய்வைத் தொடங்கப் போதுமான பேர் கொடுத்தார்கள். சீதாலெட்சுமி எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள்.

திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை.

"சூடு பட்டா அந்த அணு செத்துப்போவுதா, இல்ல நீந்த முடியாம போவுதா?" என்று குகன் கேட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. ஷாமினி வானொலியை அணைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.