பத்தாவது குறுக்கீடு

காலை ஏழேகாலுக்குக் காத்தமுத்து டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். எதிரே இருந்த திரையில் பச்சைக் கோடு வந்ததும் வண்டி தானாகப் புறப்பட்டது. ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் அசைந்தது. பின்னால் ரொட்டவேட்டர் ஈரமண்ணைக் கிளறிக்கொண்டு வந்தது.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரை கூவும். உடனே அவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர் தூங்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஸ்டியரிங்கைப் பிடித்தாலோ பிரேக்கை மிதித்தாலோ வண்டி அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் அது ‘ஓட்டுநர் குறுக்கீடு’ என்று பதிவாகும். ஒரு மாதத்தில் பத்துக் குறுக்கீடு ஆனால் ஆளை மாற்றுவது பண்ணையின் விதி. போன மாதம் சந்திரசேகரை அப்படித்தான் அனுப்பினார்கள். இந்த மாதம் காத்தமுத்துவுக்கு ஒன்பது ஆகிவிட்டது. தேதி பத்தொன்பதுதான்.

ஹட் பே என்ற அந்தச் சின்னத் தீவு ஊரில் டிராக்டர் ஓட்ட அவருக்கு வேறு இடம் கிடையாது. போர்ட் பிளேருக்குப் போய்ப் பிழைப்பதென்றால் மனைவி ராஜகுமாரியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். தேயிலைத் தோட்ட மலைநாட்டிலிருந்து ஒருமுறை கடல் தாண்டிப் பெயர்ந்து வந்த குடும்பம் அது. இன்னொரு முறை பெயர்வதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுப்பதில்லை.

புறப்படும் முன்பே அவர் மேற்பார்வையாளர் ஜெயமணியிடம் சொல்லியிருந்தார்.

“சார், பதினாலாவது வரிசையில மரம் பொதைச்ச குழி இருக்குங்க. பழைய செம்பனையெல்லாம் வெட்டி நான்தான் தள்ளி மூடினேன். இப்ப உள்ளுக்குள்ள உளுத்திருக்கும். ராத்திரி நல்ல மழை வேற. வளைச்சுத்தான் போகணும்.”

ஜெயமணி ராமநாதபுரத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார்.

“அரே, மேப்புல குழியே இல்லையேண்ணே. நீங்க வளைச்சா பத்து ஆயிரும். அப்புறம் ஆபீஸ்லேருந்து எனக்குத்தான் போன் வரும். பேசாம உக்காந்து போங்க. டீக் ஹை?”

“டீக் ஹை சார்.”

வண்டி ஒன்பதாவது வரிசையில் போகும்போது, பக்கத்து வரிசையில் வேர் பொறுக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னா மாப்புள, ஊர்கோலமா? கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க!”

“நீயும் ஏறி ஒக்காரு அக்கா. பொண்ணு இல்லாத கொறைதான்.”

“ராஜகுமாரிகிட்டச் சொல்றேன் இரு. இன்னிக்கு ராத்திரி ஒனக்குச் சோறு இல்ல!”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். காத்தமுத்துவும் சிரித்தார். திரை கூவியது. பொத்தானை அழுத்தினார்.

பத்தரை மணிக்குப் பதினான்காவது வரிசை வந்தது. முப்பதடி தூரத்தில் மண் ஓர் ஆள் நீளத்துக்குக் கறுத்து, லேசாகப் பள்ளம் தட்டியிருந்தது. அதுதான் குழி. அதன் சரிவுப் பக்கத்தில் ஒச்சம்மா குனிந்து வேர் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் வலது கை எழுந்தது. ஸ்டியரிங்குக்கு நான்கு விரல் தள்ளி நின்றுவிட்டது. ஒன்பது, பத்து. குழி தாங்கினாலும் தாங்கலாம். மிஷினுக்குத் தெரியாததா?

ஹாரனுக்கு மட்டும் கணக்கில்லை. விடாமல் அடித்தார்.

ஒச்சம்மா திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்து, “போடா!” என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

முன்சக்கரம் கறுத்த மண்ணில் ஏறியது. அடியில் ஏதோ முறிந்தது. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து சரிந்தது. அப்போதுதான் அவர் பிரேக்கை மிதித்தார். ஒச்சம்மா எகிறினாள், ஆனால் ஒரு கால் சக்கரத்துக்கும் சேற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

மரக்கட்டையால் சக்கரத்தை நெம்பிக் காலை எடுப்பதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

அன்று மாலை ஜெயமணி ஒரு தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒச்சம்மாவின் கட்டில் ஓரமாகக் காத்தமுத்து நின்றிருந்தார்.

“ஆபீஸ்லேருந்து கேக்குறாங்கண்ணே. ‘ஓட்டுநர் உரிய நேரத்தில் குறுக்கிடவில்லை’ன்னு மிஷின் ரிப்போர்ட் அனுப்பிருச்சு.”

“குறுக்கிட்டாலும் என் தப்பு, குறுக்கிடாட்டியும் என் தப்பா சார்?”

ஜெயமணி குரலைத் தாழ்த்தினார். “குழியைக் கவனிக்கலைன்னு எழுதிருங்க. ஒரு வார்னிங்கோட விட்ருவாங்க. பாத்தும் சும்மா இருந்தேன்னு எழுதினா வேலை போயிரும்.”

காத்தமுத்து பேனாவை வாங்கினார். தாளைச் சுவரில் வைத்தார்.

“தம்பி,” என்று கட்டிலிலிருந்து ஒச்சம்மா கூப்பிட்டாள். “ஹாரன் அடிச்சப்ப ஒன் மொகத்தப் பாத்தேன். நீ வெளையாடுறேன்னு நெனச்சேன். இப்பத்தான் வெளங்குது. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல?”

“தெரியும்க்கா.” பேனாவைத் தாழ்த்தினார். “ஸ்டியரிங்குக்குக் கை போச்சு. பாதியில நின்னுருச்சு.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா வலியா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் மெதுவாக எழுதினார். குழி இருப்பது தெரியும், பார்த்தேன், பத்தாவது குறுக்கீடு ஆகிவிடும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். மூன்றே வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஜெயமணி இரண்டு தடவை படித்தார். “காலையிலேயே என்கிட்டச் சொன்னதை எழுதலையே நீங்க?”

“நான் செஞ்சத நான் எழுதினேன் சார். நீங்க செஞ்சத நீங்கதானே எழுதணும்?”

வெளியே துறைமுகப் பக்கம் கப்பலின் சங்கு ஊதி ஓய்ந்தது. ஜெயமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையில் காத்தமுத்து எச்சரித்ததையும், தான் தடுத்ததையும் தேதி, மணியோடு எழுதினார். கடைசி வரியைச் சத்தமாகவே படித்தார்.

“‘ஆபத்தைக் கண்ணால் பார்க்கும் மனிதன் பயமில்லாமல் கை நீட்ட முடிய வேண்டும். அதைக் குற்றமாக எண்ணும் விதி இருக்கும்வரை, எவ்வளவு அறிவுள்ள இயந்திரமும் ஆளைக் கொல்லும். இந்த விதியை நீக்கும்வரை நான் வண்டியை வயலில் இறக்கமாட்டேன்.’”

தன் பெயரை முழுதாக எழுதி, காத்தமுத்துவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.