பொம்மையா, பையா

என் ஓரகத்தியை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்க வரி போட வேண்டுமானால், அது என்ன பொருள் என்று முதலில் முடிவாக வேண்டும். அரிசி என்றால் தகராறு இல்லை. விளக்கு வைத்த அலமாரி என்றால் அது விளக்கா, அலமாரியா? ஒவ்வொன்றுக்கும் வரி வேறு, சட்டம் வேறு. சரக்குக்காரர்களுக்காக அதை முடிவு செய்து சுங்கத்தில் தாக்கல் செய்வதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு.

எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரே சாம்பிளை இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவரவர் முடிவை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுவார். ஒத்துப்போகாவிட்டால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து வாதாடவிடுவார்.

அந்த இருவர் நானும் அவளும்தான். என் கொழுந்தனாரின் மனைவி, வயதில் சின்னவள். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பாள். அந்த அக்காவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் மாமியார் அவள் தட்டில்தான் முதலில் பரிமாறுவார். அலுவலகத்தில் சரக்குக்காரர்கள் என் மேசையைத் தாண்டிப்போய் அவளிடம் சிரித்துப் பேசுவார்கள். நான் என்ன, மேசையோடு மேசையாகவா தெரிகிறேன்?

எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பாக்கறீங்க. அடுத்து உங்களுக்குள்ள எதுல ஒத்துப்போகலையோ, அதுல யார் சொன்னது சரியோ அவங்களுக்குத்தான் அந்த நாற்காலி."

அதன்பிறகு வந்த சனியனைப் பாருங்கள். எதை எடுத்தாலும் இருவரும் ஒன்றையே எழுதினோம். குடை, பூட்டு, தையல் மெஷின் என்று எது வந்தாலும் இரண்டு உறையிலும் ஒரே பதில். அவள் தப்பு செய்வாள் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதைவிட, அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

அப்போதுதான் கரடி வந்தது. பஞ்சு அடைத்த பழுப்புக் கரடி. தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு பட்டை, முதுகில் ஒரு ஜிப். கையில் எடுத்ததுமே இது பொம்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும். பொம்மை என்று எழுதினால் மறுபடியும் ஒத்துப்போகும், மறுபடியும் ஒன்றும் நடக்காது. நான் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டை இருக்கிறது, ஜிப் இருக்கிறது. வாதாடினால் நிற்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். "பை" என்று எழுதி உறையை ஒட்டினேன்.

முதலாளி இரண்டு உறையையும் பிரித்தார். "சபாஷ், பை" என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்.

அவளும் பை என்றா எழுதியிருக்கிறாள்? அவளைப் பார்த்தேன். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இருந்தும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஜிப்பைத் திறந்து கையை விட்டிருக்கிறார். மூன்று விரலுக்கு மேல் போகவில்லை. உள்ளே எல்லாம் பஞ்சு. "இதுல எதை வைப்பாங்க, கைக்குட்டையா?" என்று கேட்டாராம். பொம்மை என்றால் குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சான்று வேண்டும். பை என்று போட்டதால் அதை யாரும் வாங்கவே இல்லை. சரக்கு மொத்தத்தையும் பிடித்து வைத்துவிட்டார்கள்.

"ஒருத்தருக்குக் கண்ணு தெரியலைன்னா ஒத்துக்கலாம். ரெண்டு பேருக்குமா?" என்றார் முதலாளி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா பொம்மைன்னுதான் எழுதுவாங்கன்னு நினைச்சேன் சார். வேற மாதிரி எழுதினாத்தானே வாதாட முடியும். அதான் பைன்னு எழுதினேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"எனக்கு நிஜமாவே பைன்னுதான் பட்டுது சார்."

நாற்காலிக்கு வேறு கிளையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்.

மாலையில் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவள்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்க மேல எனக்கு ரொம்பப் பொறாமைக்கா. நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கண்டுபிடிக்கறதை நீங்க கையில எடுத்ததுமே சொல்லிடறீங்க. அத்தை எனக்கு முதல்ல சோறு போடுவாங்க, சரி. ஆனா ஒரு யோசனைன்னா உங்களைத்தானே கேக்கறாங்க. என்னை இன்னும் குழந்தையாத்தான் நினைக்கறாங்க."

நாற்காலி போன துக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"ஓஹோ. அப்புறம்?" என்றேன்.

அவள் சொன்னாள். என் நடையை, என் கையெழுத்தை, நான் எதிர்த்துப் பேசினால் வீடே அடங்குவதை, இன்னும் என்னென்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இறங்கும் இடம் வந்தபோது கேட்டாள்.

"உங்களுக்கு என் மேல அப்படி எதுவுமே இருந்ததில்லையாக்கா?"

இருந்ததைச் சொல்லியிருந்தால் அவளுக்கும் உடம்பெல்லாம் குளிர்ந்திருக்கும்.

"சேச்சே, எனக்கென்னடி பொறாமை" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினேன்.