நடு ஆற்று மண்டபம்

1997இல் ஐப்பசி முடியும் சமயம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய பூவனநாதன், புது வருஷக் காலண்டருக்கு ஒரு படம் கேட்டார். வைப்பாற்றின் நடுவில் நிற்கும் பழைய கல்மண்டபத்தின் தூண்களுக்கிடையே சூரியன் எழும்ப வேண்டும். ஸ்டுடியோ வைத்திருந்த சுகுணா ஒப்புக்கொண்டாள். கணவன் ஹரி மோட்டார் சைக்கிளில் அவளை அழைத்துப் போனான்.

விடியும் முன்பே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்கள். ஆறு முழுக்க மணல்தான். கரையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. அதைக் கடந்து போய், மண்டபத்துக்கு எதிரே மணலில் ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவை மாட்டினாள் சுகுணா. தலைக்கு மேல் நட்சத்திரங்கள் தெரிந்தன. மேற்கே தொலைவில் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது.

கிழக்கு வெளுத்ததும் முதல் படம் எடுத்தாள். அப்போது ஓர் இரைச்சல் கேட்டது.

"அங்கன லாரி ஏதும் வருதா?" என்றாள்.

"இந்தப் பக்கம் ரோடே இல்லையே" என்றான் ஹரி.

மேற்கு வளைவில் நுரை தெரிந்தது. முள்ளையும் செத்தையையும் உருட்டியபடி கலங்கல் தண்ணீர் மணலை விழுங்கிக்கொண்டு வந்தது. சுகுணாவுக்குக் கால் அசையவில்லை. ஹரி கரையைப் பார்த்து ஓடினான். பத்தடி போனதும் நின்றான். பள்ளத்தில் அதற்குள் ஆள் உயரத் தண்ணீர்.

கரையில் ஆடுகளோடு நின்ற கோபாலசாமி கத்தினார். "ஏலே, இங்கிட்டு வராத. இழுத்துட்டுப் போயிரும். மண்டபத்து மேல ஏறுங்க."

ஹரி திரும்பி ஓடி வந்து, சுகுணாவை மண்டபத்துக்கு இழுத்துப் போய்த் தோளில் ஏற்றினான். அவள் மேல்தளத்துக் கல்லைப் பிடித்து ஏறிவிட்டாள். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. துப்பட்டாவைக் கைப்பிடிச் சுவரின் கல்லில் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தவன், மூன்றாவது முறை தூணில் கால் வைத்து ஏறிவிட்டான். முழங்கையெல்லாம் ரத்தம்.

கேமரா ஸ்டாண்டோடு சாய்ந்து போனதை இருவரும் பார்த்தார்கள். ஏதோ மரம் வந்து தூணில் மோத, கல் தளம் அதிர்ந்தது. சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூலையில் ஒரு பாம்பு, நனைந்து, சுருண்டு கிடந்தது.

"அசையாதீங்க" என்றாள். "அதுவும் பயந்துதான் கெடக்கு."

வெயில் ஏறியது. தண்ணீர் தளத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. இன்னொரு மரம் வந்தால் என்ன ஆகும் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து ஹரி, "நான் ஒன்ன விட்டுட்டு ஓடிட்டேன், சுகுணா" என்றான்.

அவளுக்கு அது தெரியும். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"ஆமா, ஓடுனீங்க" என்றாள். "இப்ப பேசாதீங்க. அந்தப் பாம்பப் பாத்துக்கிடுங்க."

மூன்று மணிக்கு மேல் வெள்ளம் வடிந்தது. கோபாலசாமி நாலு பேரோடு கயிறு கொண்டுவந்து அவர்களைக் கரை சேர்த்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் கம்பங்கூழைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். சுகுணாவால் செம்பைப் பிடிக்க முடியவில்லை. "குடி தாயி, கரைக்கு வந்துட்ட" என்று ரெங்கம்மாளே வாயில் சரித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஹரி சற்றுத் தள்ளி, ஆட்டுப்பட்டியின் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளாக அவனைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.