தோற்றவர் வீட்டுப் பனி

எங்கள் ஊரில், தேர்தலில் தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களின் வீட்டில்தான் பனி பெய்யும். ஜெயித்தவர்களின் வீட்டில் பெய்யாது. அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் இருக்கும் சின்ன ஊர் இது. நவம்பர் தொடக்கத்தில் ஓட்டு எண்ணி முடிப்பார்கள். அதன் பின் பனி வரும்.

இங்கே இரண்டே கட்சி. ஒன்றுக்கு யானை, ஒன்றுக்குக் கழுதை. பக்கத்து வீட்டு வெண்டல் யானை. அதனால் நான் கழுதை.

காரணம் உண்டு. நான் முதல்முறை ஓட்டுப் போட்ட வருஷம், எதையும் யோசிக்காமல் கழுதைக்குப் போட்டேன். கழுதை தோற்றது. என் வாசலில் பனி இடுப்பளவு கிடந்தது. அள்ளிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டல் அரைக்கைச் சட்டையோடு, ஜனவரி மாதத்தில், புல் வெட்டிக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்திவிட்டு, "நல்ல வெயில், இல்லையா கோடி?" என்றான். என் பெயர் கோதண்டம். அந்த வெயிலை நான் மறக்கவில்லை. மகன் வேலை மாறி டெக்சாஸுக்குப் போனபோது எங்களையும் கூப்பிட்டான். வெண்டலிடம் தோற்றுவிட்டு ஊரைக் காலி செய்வதா? வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி தனபாக்கியத்துக்குக் கட்சி கிடையாது. அவள் யானைக்குப் போட்ட வருஷங்களில் சமையலறைப் பக்கத்துக் கூரை மட்டும் காய்ந்திருக்கும். அந்தப் பக்கம் கொடி கட்டித் துணி உலர்த்துவாள். நான் எதுவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கணக்கு மாறியது. தோற்றவர்களின் வீட்டோடு சேர்த்து வயலிலும் பனி விழும். கோதுமை விவசாயிகளுக்கு அந்தப் பனி வேண்டும். அது உருகினால்தான் விதைக்கும்போது மண்ணில் ஈரம் இருக்கும். அதனால் அவர்கள், எப்போதும் தோற்கிற கழுதைக்கே போட ஆரம்பித்தார்கள். அப்படிப் போடுகிறவர்கள் கூடிக்கூடி, கழுதை ஜெயித்துவிடும் என்கிற நிலை வந்துவிட்டது. விவசாயிகள் கவலையில் இருந்தார்கள். நான் புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன்.

செப்டம்பரில் வெண்டலுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. தனபாக்கியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நெஞ்சைப் பொளந்து தைச்சிருக்காங்க. இனிமே பனி அள்ளவே கூடாதாம். வாசலை மூடிட்டா ஒண்டிக்கட்டை அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?"

"கட்சி மாறட்டும்."

"நீங்க மாறுவீங்களா?"

"நான் எதுக்கு மாறணும்? எனக்கா தையல் போட்டிருக்கு?"

"உங்களுக்கு வாய்க்குத்தான் போடணும்," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலியோரம் வெண்டல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான்.

"மெஷின் புதுசா?"

"ஆமா."

"ஜனவரிக்கா?"

"ஆமா."

"பிளேடை ஒசத்தி வை, கோடி. குளிர்ல ஒட்ட வெட்டினா புல்லு செத்துப்போகும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. "இந்த ஒரு தடவை கழுதைக்குப் போட்டுத் தொலையேன்," என்றேன்.

"எங்கப்பா யானை. நான் செத்தாலும் யானைதான்."

தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுச்சாவடி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தடுப்பு வைத்திருந்தார்கள். நான் பேனாவோடு நெடுநேரம் நின்றேன். முதல் பனியிலேயே வெண்டல் போய்ச் சேர்ந்துவிட்டால், நான் யாரை ஜெயித்ததாக ஆகும்? ஜனவரியில் நான் புல் வெட்டுவதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து யார் பார்ப்பார்கள்? யானைக்குப் போட்டேன். மன்னித்துப் போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எண்ணியபோது இரண்டு கட்சிக்கும் சமமாக விழுந்திருந்தது. திரும்ப எண்ணினார்கள். அப்போதும் சமம்தான்.

அடுத்த வாரம் பனி வந்தது. கூரைகளுக்குச் சற்று மேலே இறங்கி வந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஊர் முழுவதற்கும் வெள்ளைப் பந்தல் போட்ட மாதிரி இருந்தது. கீழே தெரு காய்ந்து கிடந்தது. வெண்டல் வாசல் காய்ந்திருந்தது. என் வாசலும் அப்படியே. விவசாயிகள் பந்தல் வயல்வரை வந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்து, திருப்தியோடு திரும்பினார்கள்.

வெளிச்சம்தான் குறைவு. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. நான் ஏணியை வேலியோரம் சாத்தி, ரம்பத்தால் பனியில் ஒரு சதுரம் வெட்டினேன். வெண்டல் கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் திட்டப்போறாரு," என்றேன்.

"ஏணி பிடிக்கக் கூடாதுன்னு அவர் சொல்லல. வெளிச்சமெல்லாம் உன் பக்கமே விழுதே. கொஞ்சம் இந்தப் பக்கம் வெட்டு."

"உனக்கு இது போதும்."

"கருமி."

தனபாக்கியம் சமையலறை ஜன்னலிலிருந்து, "அவருக்கும் வெட்டி விடுங்க," என்றாள். இன்னும் ஒரு முழம் அந்தப் பக்கம் வெட்டினேன். வெயில் அவன் நாற்காலிமேல் விழுந்தது.

தபால்காரர் இப்போதெல்லாம் மேலேயே நடந்து வருகிறார். முதலில் பூட்ஸ் சத்தம் கேட்கும். பிறகு துளைக்கு மேலே குனிந்து, இரண்டு வீட்டுக் கடிதங்களையும் சேர்த்துக் கீழே போடுவார். வெண்டலுக்கு வந்ததை நான் பொறுக்கி, தூசி தட்டி, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.