அம்மாவின் குரலுக்கு இட்ட பூட்டு

எழுதிப் பழகாத கை இது என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிறர் வீட்டுத் துக்கத்தை ஏட்டில் ஏற்ற எனக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால், தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

திரை இருண்டு மறுபடி ஒளிர்வதற்கு இடைப்பட்ட அந்த இரண்டு விநாடிக்குள், அவள் எஃப்-டூ விசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தட்டினால் கணினி வழக்கம்போல் விழித்துக்கொண்டுவிடும். அடித்தள அமைப்புக்குள் நுழைய முடியாது. பயாஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சாம்பல் நிறப் பக்கம் திறந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவின் நாற்காலி அது. இருக்கைப் பஞ்சு ஓர் ஓரத்தில் குழிந்து, உட்கார்ந்தவரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

மணி பதினொன்றரை. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி நான்கு மணிக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு காரியம் நடந்தாக வேண்டும் என்று, விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். “அம்மா குரல எல்லாரும் ஒரு தடவ கேக்கணும். நானே ரெண்டு வார்த்த பேசிட்டுப் போடுறேன். நீ ஒண்ணும் அலட்டிக்காத, மெஷின மட்டும் ஆன் பண்ணி வை.”

அலட்டிக்கொள்ளாமல்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் குரல் அந்தக் கணினியில்தான் இருந்தது. தொண்டைக் கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் சொன்ன அன்று மாலை, மகள் ஓர் ஒலிவாங்கி வாங்கி வந்தாள். அம்மா ரயில் நிலையத்து விசாரணைச் சாளரத்தில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவள். “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் ரயில் எப்ப வரும்னு சொன்னேன். இனிமே எனக்குத் தண்ணி வேணும்னு சொல்ல ஒரு பொட்டி வேணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு, நாளுக்கு நூறு நூற்றிருபது சொற்றொடர்களாகப் பேசிப் பதிந்தாள். அறுவைக்குப் பின் விசைப்பலகையில் அவள் எதைத் தட்டினாலும் கணினி அதைத் தேடி எடுத்து அவள் குரலிலேயே சொன்னது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசியதும் அந்தப் பெட்டிதான். மகளைத் திட்டியதும் அதுதான்.

பதிவு தொடங்கிய முதல் நாள் அம்மா மகனைத் தொலைபேசியில் அழைத்தாள். “மீட்டிங்ல இருக்கேம்மா. நானே கூப்பிடுறேன்” என்றான். அறுவைக்கு அன்றிலிருந்து பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் அவன் அழைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் குரல்வளை போயிற்று. பதின்மூன்றாம் நாள் அழைத்தான். “அம்மாகிட்ட குடு” என்றான்.

இதற்கு என்றாவது ஒரு நாள் அவனைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று மகள் அன்றே மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டாள். நாள்தான் வாய்க்கவில்லை. இன்று வாய்த்தது.

ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. வேலையை விட்டுப் போகிறவர்களின் மேசைக் கணினிகள் அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே படிகள். அமைப்புக்குள் யாரும் நுழையாதபடி மேலாளர் கடவுச்சொல் இடுவது, இயக்கும்போதே கேட்கும் இன்னொரு கடவுச்சொல் இடுவது, வெளியிலிருந்து செருகும் எதிலிருந்தும் கணினி தொடங்காதபடி அடைப்பது, தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சில்லைத் துடைப்பது, சேமித்து வெளியேறுவது. ஒரு கணினிக்கு மூன்று நிமிடம். பக்கத்து மேசைக்காரியிடம் மாமியார் கதை கேட்டுக்கொண்டே செய்துவிடுவாள்.

முதல் கடவுச்சொல்லை இட்டாள். அண்ணனால் தலைகீழாக நின்றாலும் ஊகிக்க முடியாத ஒன்று. இரண்டாவதையும் அதையே இட்டாள்.

கதவு தட்டப்பட்டது. “வாண்டு, உள்ள என்ன பண்ற?” அண்ணியின் குரல்.

“துணி மாத்துறேன் அண்ணி.”

“ஸ்பீக்கர்காரன் வந்திருக்கான். ஒயரு எவ்வளவு நீளம் வேணும்னு கேக்குறான்.”

“எவ்வளவு இருக்கோ அவ்வளவும் இழுக்கச் சொல்லுங்க.”

வெளிச் செருகிகளை அடைத்தாள்.

“கோச்சுக்கிட்டுப் பேசாத. உன் அண்ணனும் பிள்ளதான. நீ கூடவே இருந்து கேட்ட. அவரு ஒரு தடவ கேக்க வேணாமா?”

“கேக்கட்டும் அண்ணி. யாரு வேணாம்னா?”

“அதோட இன்னொண்ணு. பொட்டிய அவரு கொண்டு போறேங்குறாரு. நீ ஆபீஸ்ல இது மாதிரி நூறு பாத்திருப்ப. அவருக்கு இது ஒண்ணுதான் ஞாபகமா இருக்கும்.”

 அவள் பல்லைக் கடித்தாள். விரல் அம்புக்குறியில் அடுத்த படிக்கு இறங்கியது. அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஆம் என்றாள். சேமித்து, கணினியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“துணி மாத்தல போலிருக்கே” என்றாள் அண்ணி.

“புடிக்கல. பழையதே போதும்னு விட்டுட்டேன்.”

அண்ணன் வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சமாளித்துக்கொண்டான். பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நின்றது.

“பாஸ்வேர்டு கேக்குது.”

“கேக்கும்.”

“என்ன பாஸ்வேர்டு?”

“அம்மா மெஷின். அம்மா வச்சது.” இந்தப் பொய்யைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. “நீ மூத்த பிள்ள. உனக்குத் தெரியாததா?”

அவன் சற்று யோசித்தான். பிறகு எட்டு எண்களைத் தட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடத்தில் கிடந்த உடலை நினைத்து அடக்கிக்கொண்டாள். அவன் தட்டியது அவனுடைய பிறந்த நாள். தவறு என்றது திரை. அவன் திருமண நாளைத் தட்டினான். தவறு. தன் மகளின் பிறந்த நாளைத் தட்டினான். மூன்று முறை தவறியதும் கணினி தானே பூட்டிக்கொண்டு உறைந்து நின்றது.

“அம்மாவோட பொறந்த நாள் போட்டுப் பாக்கலியா?” என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அந்தத் தேதி தெரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுந்து கூடத்துக்குப் போனான். அவள் வாசற்படியில் தோளைச் சாய்த்து நின்றாள். நான்கு ஆண்டுகளாக நெஞ்சில் சிக்கியிருந்த முள் கொஞ்சம் இளகியது போலிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் சுற்றிய ஒயரைப் பிரித்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு வந்தார். நேராக அம்மாவின் தலைமாட்டுக்கு.

இத்தோடு விட்டிருக்கலாம்.

ஆனால் அண்ணன் கூடத்தின் நடுவில் நின்று, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினான்.  “அம்மா குரலப் போட முடியல. மன்னிக்கணும். ஏதோ பாஸ்வேர்டு பிரச்சன. ஆனா நான் கொடுத்து வச்சவன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அரைமணி நேரம் அம்மா என்கிட்டப் பேசினாங்க. அந்தக் குரல் போகுறதுக்கு முன்னாடி கடைசியா கேட்டது நான்தான்.”

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

 மகள் மெல்லப் போய்ச் சித்தியின் பக்கத்தில் குனிந்தாள். “சித்தி, அவன் பேசவேயில்ல. பதினொரு நாளும் அம்மா காத்துக்கிட்டிருந்தாங்க.”

“போடி” என்றாள் சித்தி, குரலைத் தாழ்த்தி. “இன்னைக்காவது உன் நாக்கு அடங்காதா? பாவம், அவன் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து நிக்கிறான்.”

“நான் சொல்றது பொய்யா?”

“எவ கண்டா? நீ சொல்ற, அவனும் சொல்றான். போனவளக் கேக்கவா முடியும்?”

கேட்க முடியும். அந்த நிமிடம்தான் அவளுக்கு அது உறைத்தது. போனவளைக் கேட்க முடியும். ஒலிபெருக்கி வைத்து, ஊரே கேட்கும்படி கேட்க முடியும்.

பதினொரு நாளும் பதிவுக்கு உட்கார்ந்ததும் அம்மா முதலில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னாள். சோதனைக்காகச் சொல்வதாக ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். “துரை, எப்பக் கூப்பிடுவ?” சிறு வயதில் எதையும் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்வான் என்பதால் அவனுக்கு அம்மா வைத்த பெயர் துரை. அந்தப் பதினொன்றையும் கணினி தேதியோடும் மணியோடும் வரிசையாக வைத்திருந்தது. கடைசிப் பதிவு, அறுவைக்கு முந்தின நாள், மாலை ஆறே முக்கால். அரைமணி நேரம் பேசினானாம். பதினொன்றையும் தேதி வாரியாக ஒன்றன்பின் ஒன்றாக அவன் அம்மாவின் தலைமாட்டில் நிற்கும்போதே போட வேண்டும். போட்டுவிட்டு அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். குரலைத் தராமல் இருப்பது ஒரு பழியா? சின்னப் பிள்ளைத்தனம். இதுதான் பழி.

“அண்ணா” என்று கூப்பிட்டாள். “பாஸ்வேர்டு ஞாபகம் வந்திடுச்சு. வா, போட்டுடலாம்.”

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒலிபெருக்கிக்காரர் ஒயரின் நுனியைக் கணினியில் செருகினார். “சத்தம் எவ்வளவு வைக்கட்டும்மா?” என்றார்.

“முழுசா வைங்க.”

கணினியை அணைத்து மறுபடி இயக்கினாள். வெள்ளைக் கட்டம் வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினாள். ஏற்றுக்கொண்டது. அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

திரை நீல நிறமாயிற்று. மீட்புச் சாவியைத் தருக என்றது. எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கம், மொத்தம் நாற்பத்தெட்டு.

“இது என்ன?” என்றான் அண்ணன்.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும் அம்மாவின் குரல் அவன் கைக்குப் போகக்கூடாது என்று வன்வட்டு முழுவதையும் பூட்டி வைத்தது அவள்தான். பூட்டின் சாவி பாதுகாப்புச் சில்லுக்குள் இருந்தது. சில்லைத் துடைத்ததும் அவள்தான், நான்காவது படி. கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நிச்சயமாகவா என்று அது இரண்டாம் முறை கேட்டது நினைவிருந்தது.

“நம்பர் கேக்குது. போடு.”

“இல்ல.”

“எங்கியாச்சும் எழுதி வச்சிருப்பியே?”

“வச்சிருக்கேன்.”

“எங்க?”

“உள்ள.”

“எதுக்குள்ள?”

“இதுக்குள்ளயே.”

பூட்டிய அன்று அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தை அதே வட்டில் வைக்கக்கூடாது என்று கணினி மறுத்தது. வீட்டில் அச்சுப்பொறி இல்லை. அச்சிடுவதுபோல் பாவனை செய்து, தாளுக்குப் பதிலாகக் கோப்பாக்கி, அம்மாவின் கோப்புகளுக்கு நடுவிலேயே வைத்தாள். மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போய் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள், பிறகு மறந்துபோனாள். அலுவலகத்தில் இதே காரியத்தைச் செய்துவிட்டு வந்து நின்றவர்களை, வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே எறிந்த மாதிரி இருக்கிறது என்று அவள் வாய்விட்டே கேலி செய்திருக்கிறாள். நகல் எடுத்து வைத்திருந்த வெளிவட்டுக்கும் பூட்டு உண்டு. அந்தச் சாவியும் பக்கத்திலேயே, அதே கோப்புறையில்.

அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். “சரி விடு. உனக்குத் தெரியாததா. நிதானமா ஒரு நாள் சரிபண்ணிடுவ” என்றான். நான்கு ஆண்டுகளில் அவன் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. தட்டிவிடவில்லை.

கூடத்தில் சித்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. “முந்தின நாள்கூட அரைமணி நேரம் பேசியிருக்கான். அந்தப் புண்ணியம் யாருக்குக் கெடைக்கும்?”

“ஆமா, ஆமா” என்றது இன்னொரு குரல்.

ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிய இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினார். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அவள் எழுந்து போய் அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் நின்று, அம்மாவைத் தூக்க ஒரு கை கொடுத்தாள்.

போனவை இவ்வளவு.

சொற்றொடர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் தண்ணீர் கேட்பவை மூன்று. மகளைத் திட்டுபவை நாற்பத்தாறு. அதற்காக வருந்துபவை இரண்டு. எண்கள், ஒன்று முதல் நூறு வரை. ரயில் நிலையங்களின் பெயர்கள், கேட்காமலே பதிந்தவை, எண்பத்தொன்று. சிரிப்பு ஒன்று. தும்மல் ஒன்று, தவறுதலாக. “துரை, எப்பக் கூப்பிடுவ?” பதினொன்று. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் ஒலிவாங்கியை இயக்கிவிட்டு அம்மா உட்கார்ந்திருந்த நாற்பது விநாடி, மூச்சு மட்டும். அந்தக் கோப்புக்கு அவளே தட்டி வைத்த பெயர், துரை கூப்பிட்டான்.