எடைமேடைக்கு ஒரு வரி

1

இந்தக் கதையை ஒரு மேலாளரின் வாயிலிருந்து எடுத்தேன். மீன் கிடங்கின் கணினிகளுக்கு அவர் புதுச் சட்டம் போட்டார்:

"என்னென்ன மென்பொருள் இருக்கணும்னு ஒரே கோப்புல எழுதிடும்மா. இல்லாததை மிஷினே ஏத்திக்கும், எழுதாததைத் தூக்கிடும். என்ன வேணும்னு சொன்னாப் போதும். எப்படிங்கறது அதோட தலைவலி."

பெட்டி தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள லாரி காலியா இருக்கணும்பாரு. எப்படிங்கறது நம்ம முதுகோட தலைவலி."

(முதுகுக்கு எப்படித் தலைவலி வரும் என்பவர்கள் ஒருநாள் தூக்கிப் பார்க்கலாம்.)

2

அதிகாலைப் பனியில் அவள் மெல்ல

வேண்டாம். பனி பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்தக் கணினிகளைப் பராமரிப்பவள் அவள். கோப்பை எழுதினாள். மேலாளர் சரிபார்த்தார். மேலிடத்தில் மூன்று பேர் ஒப்புதல் தந்து முத்திரை வைத்தார்கள். லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையின் நிரலை மட்டும் யாரும் கோப்பில் எழுதவில்லை. முன்பிருந்தவர் அவசரத்துக்குக் கையால் ஏற்றிய நிரல் அது.

(என் முதல் வரைவிலும் எடைமேடை இல்லை. லாரிகள் நிறுக்காமலே போய்க்கொண்டிருந்தன, எனக்கே உறைக்கவில்லை.)

கட்டளையை இயக்கினாள். எல்லாம் கோப்பின்படி இருக்கிறதா என்று காட்டும் சுவர்ப் பலகை முழுக்கப் பச்சை. எடைமேடைத் திரை இருட்டு.

3

லாரி ஓட்டும் மாமா போனில் கத்தினார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? தராசு செத்துக் கெடக்கு! எடை போடாம கேட்டைத் தாண்ட விடமாட்டேங்கறான்!"

"திரையில என்ன காட்டுது மாமா?"

"என் மூஞ்சியத்தான் காட்டுது. ஐஸ் உருகுதுடி. லேட்டானா மீனு கெட்டுப்போகும், மொத்த நஷ்டமும் என் தலையிலதான் விழும்."

மேலாளரிடம் ஓடினாள்.

"சார், எடைமேடை நிரல் கோப்புல இல்ல."

"அது எப்பவும் இருக்கறதுதானேம்மா. அதைப் போய் எதுக்கு எழுதணும்?"

"எழுதாததைத் தூக்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மத்ததுக்கும்மா!"

ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் ஒப்புதல் இல்லாமல் கோப்பை மாற்றி இயக்கினால் பலகை சிவந்துவிடும். தலைமையகத்துக்காரர்கள் இன்று அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

"அவங்க போற வரைக்கும் கை வைக்காதே. வச்சா, அடுத்து தூக்கறது உன்னைத்தான்."

4

ஒரு முடிவில் அவள் வரியைச் சேர்க்கிறாள். மாமாவின் மீன் தப்புகிறது, அவள் வேலை போகிறது. இன்னொன்றில் பொறுத்திருக்கிறாள். வந்தவர்கள் கைதட்டுகிறார்கள், கிடங்கு நாறுகிறது. மூன்றாவதில் மேலாளர் மனம் திருந்தி

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

இப்போது வரியைத் தட்டிவிட்டாள். இயக்குவதுதான் பாக்கி. வந்தவர்களில் ஒருவர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

"எல்லாம் நல்லா ஓடுதாம்மா?"

அவளுக்கு முந்திக்கொண்டு மேலாளர் சிரிக்கிறார். வெளியே ஹாரன் அலறுகிறது.

அவள் என்ன செய்தாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசிக்கிற நேரத்துக்கும் நஷ்டம் மாமாவுக்குத்தான்.