பெயிண்ட் உடையாத ஸ்க்ரூ

விவாகரத்தில் ஹெய்மோவுக்கு நகரத்து வீடும், அதோடு ஒட்டிய கதகதப்பான கராஜும் போயின. ரௌனிக்குத் தீவு வீடும், அங்கே போய்வர ஓர் அலுமினியப் படகும், அதன் பின்னால் தொங்கும் பதினைந்து குதிரைச்சக்தி மோட்டாரும் வந்தன. கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் வக்கீல் வீட்டு வாசலிலேயே ஹெய்மோ ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு குளிர்காலம் தாண்டட்டும் ரௌனி. மோட்டார் உறைபனியில வெடிச்சுக் கெடக்கும். அப்புறம் நீயே போன் பண்ணி, தீவு வீட்ட நீயே எடுத்துக்கோன்னு கெஞ்சுவ. கவலப்படாத, நல்ல வெலைதான் குடுப்பேன்."

ஏரி நடுவிலிருக்கும் அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்தில் புது மோட்டாரைக் கனவில்தான் வாங்கலாம். மோட்டார் போனால் வீடும் போய்விடும் என்பது ஹெய்மோவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, உறைபனிக்கு முன் மோட்டாரைத் தயார்ப்படுத்தும் வேலையைக் கையேட்டைப் படித்துத் தானே செய்வது என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் பயமில்லாமல் இல்லை. அந்த வேலை எவ்வளவு பெரிது என்று பன்னிரண்டு வருஷம் பார்த்தவளல்லவா? ஒவ்வோர் அக்டோபரிலும் ஹெய்மோ மூன்று முழு நாள் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். "அப்பா படகு வேலை பாக்குறார், சத்தம் போடாதீங்க" என்று ரௌனி இரண்டு பெண்களையும் அடக்கி வைப்பாள். படியில் காபிக் குடுவையை வைத்துவிட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் திரும்புவாள். அந்த ஏரிப் பக்கத்தில் அதுதான் மரியாதை. படகு வேலையில் இருப்பவரை யாரும் கலைப்பதில்லை. கேட்காமல் யோசனை சொல்வது அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுவதற்குச் சமம். மூன்றாம் நாள் சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கரியாக வெளியே வந்து, "முடிஞ்சுது" என்பான், ஏதோ மலையைப் பெயர்த்து நகர்த்தியவன் போல.

இப்போது மலையை நகர்த்துவது ரௌனியின் முறை. படகுத்துறைக் கரையில் மரக்கால்களின் மேல் படகை ஏற்றியாயிற்று. வியாழக்கிழமை குளிர் மைனஸ் பத்துக்கு இறங்கும் என்று வானொலி சொல்லிவிட்டது. சனிக்கிழமை காலை பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தை டேங்கில் ஊற்றினாள். மோட்டாரின் காலை, அதாவது விசிறி இருக்கும் கீழ்ப்பாகத்தை, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவிட்டாள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர்வரை போய்ச் சேர வேண்டுமாம். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் பீய்ச்சினாள். பேட்டரியைக் கழற்றிக் காரில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்றுகூட ஆகவில்லை. ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கையேட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

பக்கத்துப் படகு என்சியோவுடையது. தபால் வண்டி ஓட்டுகிற ஆள், அவள் வயதுதான் இருக்கும். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, வாயில் கொழுக்கட்டை வைத்தது போலக் காலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிச்சலாக வந்தது ரௌனிக்கு.

மிச்சமிருந்தது கியர் ஆயில் மாற்றுவதுதான். மோட்டாரின் காலில் இரண்டு ஸ்க்ரூ, மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் ஸ்க்ரூ அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் திருகினாள். டப்பென்று ஒரு சத்தம். ஸ்க்ரூவைச் சுற்றியிருந்த பெயிண்ட் மோதிரம் போல வட்டமாக உடைந்து அவள் உள்ளங்கையில் விழ, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மேல் ஸ்க்ரூவும் அப்படியேதான். அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, எண்ணெய் டப்பாவுக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. தேன் நிறத்திலோ கருப்பாகவோ வர வேண்டியது, பால் விட்ட காபி போல வந்தது.

கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, மெக்கானிக்கைப் பாருங்கள்.

அந்த ஊரில் மெக்கானிக் இல்லை. ரௌனிக்கு அழுகை முட்டியது. ஆறு மாதம் தாக்குப்பிடித்த வைராக்கியம், ஒரு டப்பா கலங்கிய எண்ணெயில் கரைந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக வாளிக்காரனிடம் போய் நின்றாள்.

"இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

என்சியோ டப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. "தண்ணி. அப்பவே பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க கேக்கலையே."

"இப்பக் கேக்குறேன். வேற என்னெல்லாம் தப்பாப் பண்ணியிருக்கேன்?"

"ஒண்ணுதான். பீப்பாய்லேர்ந்து எடுத்ததும் மோட்டாரச் சாய்ச்சு வெச்சுட்டீங்க. நேரா எறக்கி நிறுத்துனாத்தான் உள்ள இருக்குற தண்ணி வடியும். மத்ததெல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க." கொஞ்சம் யோசித்து, "என்னவிடச் சுத்தமா" என்றான்.

அந்த ஊர்க் கணக்குக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

விசிறியைக் கழற்றச் சொன்னான். கழற்றியதும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. தண்டைச் சுற்றி விரல் தடிமனுக்குத் தூண்டில் நரம்பு இறுகிக் கிடந்தது. ஆரஞ்சு நிறம். ஹெய்மோ பெருமையாக வரவழைத்துப் போடுகிற அதே நரம்பு. அது, தண்ணீர் புகாமல் அடைக்கும் ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டிருந்தது, அந்த வழியாகத்தான் தண்ணீர்.

"இத வருஷா வருஷம் கழட்டிப் பாக்கணும்" என்றான் என்சியோ. "உள்ள தண்ணி நின்னு உறைஞ்சா கூடு பொளந்துடும். இத்தன வருஷம் எப்பிடித் தப்பிச்சுதோ."

எப்படித் தப்பித்தது என்று ரௌனிக்குப் புரிந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க மோட்டார் கிடந்த கராஜில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, உறைய வழியே இல்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் பெயிண்ட் வளையத்தை எடுத்துப் பார்த்தாள். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எவனும் அதைத் திறந்ததில்லை. கோபத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் காபி சுமந்திருக்கிறாள், பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருக்கிறாள், எதற்கு?

செவ்வாய்க்கிழமை டவுனிலிருந்து புது சீல் வந்தது. என்சியோ பழைய சீலைப் பிடுங்கும் தன்னுடைய புல்லரைக் கொடுத்துவிட்டு வாளிக்குத் திரும்பிவிட்டான். அவள் தப்பாகக் கை வைக்கும்போது மட்டும் "இல்ல" என்பான். மொத்தம் ஏழு "இல்ல". சீல் உட்கார்ந்தது. புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றினாள். மறுபடி பீப்பாயில் ஓடவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்து, பீப்பாயிலிருந்து மோட்டாரைத் தூக்கிக் கீழ் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினாள். தண்ணீர் புகுந்திருந்தால் முதல் சொட்டிலேயே தெரியும் என்று என்சியோ சொல்லியிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. தெளிவாக, தேன் நிறத்தில் இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஹெய்மோ.

"நாளைக்கு மைனஸ் பத்தாம். மோட்டார் என்ன நெலமையில இருக்கு? வெலை பேசலாமா?"

"வேலை முடிஞ்சுது. கியர் ஆயிலும் மாத்திட்டேன்."

"நீயா? அது மூணு நாள் வேலையாச்சே."

"ஸ்க்ரூவுல பெயிண்ட் இருந்துச்சு ஹெய்மோ. தொழிற்சாலை பெயிண்ட். என் கையிலதான் ஒடஞ்சுது."

சட்டைப்பையிலிருந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூணு நாளு" என்றாள். "பன்னெண்டு வருஷம். உள்ள என்னதான் பண்ணிட்டிருந்த?"

"உக்காந்திருந்தேன்."

"உக்காந்து?"

"சும்மா. வெளிய வர்றதுக்கு முன்னால வெரல்ல கொஞ்சம் கிரீஸ் தடவிக்குவேன். யாரும் கதவத் தட்ட மாட்டாங்க. வருஷத்துல அந்த மூணு நாளுதான்."

திட்டுவதற்கு ஒரு வண்டி வார்த்தை தயாராக வைத்திருந்தாள். வாயில் வந்ததோ வேறு. "கேட்டிருந்தா சும்மாவே விட்டிருப்பேனே" என்றாள்.

"கேக்கத் தெரியல." பிறகு, "வீடு?" என்றான்.

"விக்கல."

"சரி" என்று வைத்துவிட்டான்.

ரௌனி ஸ்க்ரூவை இறுக்கினாள். மோட்டாரை நேராக நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். கண் கலங்கியிருந்ததைத் துடைக்கவில்லை. வழக்கம்போல வாளியில் உட்கார்ந்திருந்த என்சியோ அவள் பேசியதையெல்லாம் கேட்டிருந்தான். ஒரு வார்த்தை விசாரிக்காமல் தன் குடுவையிலிருந்து காபி ஊற்றி நீட்டினான். வாங்கிக் குடித்தவளுக்கு என்னவோ தோன்றியது.

"என்சியோ, உங்க படகு வேலை எத்தன நாள் பிடிக்கும்?"

அவன் ஏரியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், தன் காலணியைப் பார்த்தான்.

"அஞ்சு."

"அதுல நெஜமான வேலை?"

"ஒரு மத்தியானம்" என்றான். பிறகு அவசரமாக, "என் பொண்டாட்டி ஒர்வோக்கியப் பாத்தா இந்தப் பெயிண்ட் கதையெல்லாம் சொல்லிடாதீங்க" என்றான். அவனே வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அன்றுதான்.